நூற்று இருபத்தேழு கிராம்

கோஹெய் ஐந்து இருபதுக்கு எழுந்தான். முகம் கழுவினான். குக்கரில் சோறு வெந்திருந்தது. மேடையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு அலமாரியிலிருந்து தராசை எடுத்து வைத்தான்.

தட்டையான வெள்ளைத் தராசு. எண் தெரிகிற சின்னத் திரைக்கு மேலே, பால் பெட்டியிலிருந்து வெட்டிய அட்டைத் துண்டு ஒன்று நீல டேப்பால் கதவு மாதிரி ஒட்டப்பட்டிருந்தது. மனைவி மிஹோ ஒட்டியது. தண்ணீர் தெறிக்காமலிருக்க ஒட்டியிருப்பாள் என்று நினைத்திருந்தான். அதைத் தூக்கிப் பின்னால் மடித்தான். பொத்தானை அழுத்தினான். ஒரு யென் காசுகள் ஐந்தை வைத்தான். ஒரு யென் காசு ஒரு கிராம். திரை ஐந்து காட்டியது. காசுகளை எடுத்துப் பாட்டில் மூடியில் போட்டான்.

காலி டப்பாவை வைத்தான். பூஜ்யம் அழுத்தினான். சோறு போட்டான். நூற்று இருபத்திரண்டு. கரண்டி நுனியால் இரண்டு கிராமைத் திருப்பி எடுத்தான். பூஜ்யம். வேகவைத்த பூசணி நாற்பது. பூஜ்யம். முட்டைச் சுருள் முப்பத்தைந்து. சீட்டில் எழுதினான்: மாவுச்சத்து ஐம்பத்துமூன்று. டப்பாவை மூடித் துணியில் கட்டினான். மிஹோவின் படத்துக்கு முன்னால் குட்டிக் கிண்ணத்தில் கொஞ்சம் சோறு வைத்தான். அதை மட்டும் எடை போடுவதில்லை. ஆறரைக்கு மகளை எழுப்பினான்.

எட்டு மாதமாக எல்லா நாளும் இப்படித்தான்.

மகள் பெயர் வகானா. ஏழு வயது ஆகப்போகிறது. ஏப்ரலில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். அவள் உடம்பு இன்சுலின் சுரப்பதில்லை. நாலரை வயதில் தெரியவந்தது. இடுப்பில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பம்ப். எத்தனை கிராம் மாவுச்சத்து சாப்பிடப்போகிறாள் என்று எண்ணைக் கொடுத்தால் அது கணக்குப் போட்டு மருந்தை உள்ளே விடும். எண் குறைவாகப் போனால் சர்க்கரை ஏறும். அதிகமாகப் போனால் இறங்கும். ஏறினால் உடம்பு மெல்லக் கெடும். இறங்கினால் பிள்ளை நின்ற இடத்திலேயே சாய்ந்துவிடும். நூறு கிராம் சோற்றில் முப்பத்தேழு கிராம் மாவுச்சத்து. இந்த ஒரு வரியைச் சுற்றித்தான் அந்த வீடு நடந்தது.

மிஹோ இருந்தவரை அது அவள் வேலை. கோஹெய் ஆறு நாற்பது பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவான். சகாதா ஊரில் ஆற்றங்கரைகளை அளக்கிற கம்பெனி ஒன்றில் வேலை. சாயங்காலம் திரும்பும்போது எல்லாம் அளந்து, சாப்பிட்டு, கழுவிக் கவிழ்த்திருக்கும். போன அக்டோபரில் ஒரு காலை, கடை வாசலில் சைக்கிளை நிறுத்திப் பூட்டும்போது மிஹோவின் தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. அதன் பிறகு அவள் கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டாள். முப்பத்திரண்டு வயது.

இறுதிச் சடங்கன்று அவள் அக்கா சாயே அவன் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டாள். வகானாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் என்றான் கோஹெய். சாயே அழுதாள். நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குக்குள் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது. பொய் சொல்ல வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை. கேட்டவளுக்கு ஏதோ ஒன்று தேவைப்பட்டது. உண்மையில் மிஹோ கடைசியாகச் சொன்னது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. யாரிடமும் எடுத்துச் சொல்லும்படி அதில் ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தான்.

சிக்கல் மே மாதக் கடைசியில் வந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே சாப்பாடு. பெரிய அண்டாக்களில் வகுப்பறைக்கே வரும். முறைவைத்து ஆறேழு பிள்ளைகள் வெள்ளை அங்கியும் தொப்பியும் மாட்டிக்கொண்டு மற்றவர்களுக்குப் பரிமாறுவார்கள். வகானா மட்டும் வீட்டு டப்பா. டப்பாக்காரிக்குப் பரிமாறும் முறையும் இல்லை. அவளுக்கென்று வாங்கிய அங்கி தேய்த்து மடித்தபடி பையிலேயே கிடந்தது.

ஒரு நாள் சாயங்காலம் டப்பா திறக்காமல் திரும்பி வந்தது. பால் மட்டும் குடித்திருந்தாள். கேட்டதற்கு, தனக்கும் எல்லாரும் சாப்பிடுகிறதே வேண்டும் என்றாள். அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனாள்.

கோஹெய் பள்ளிக்கூடத்துக்குப் போனான். சாப்பாட்டுப் பொறுப்பு இகராஷி டீச்சருடையது. ஐம்பதைத் தாண்டியவள், சமையலறை இரைச்சலில் பேசிப் பேசி குரல் பெருத்துப்போனவள். ஒவ்வொரு பண்டத்திலும் நூறு கிராமுக்கு எவ்வளவு மாவுச்சத்து என்று முந்தைய நாளே தாளில் எழுதித் தருவதாகச் சொன்னாள். ஆனால் கிண்ணத்தில் எவ்வளவு விழும் என்பதற்குத் தன்னால் பொறுப்பேற்க முடியாது என்றாள்.

“பரிமாறுறது ஏழு வயசுப் பிள்ளைங்க, சுகவாரா சார். பிடிச்ச சிநேகிதின்னா ஒரு கரண்டி கூட விழும். சண்டைன்னா பாதிதான் விழும்.”

தராசு கொடுத்தனுப்புகிறேன் என்றான் அவன்.  அதற்கு அவள் ஒன்றைச் சொன்னாள். வகுப்பில் எல்லாரும் கைகூப்பி ஒன்றாக ‘இதாதாகிமாஸ்’ சொல்லாமல் ஒருவரும் வாயில் வைக்கமாட்டார்கள். சாப்பிட இருபது நிமிடம்தான். வகானா நாலு பண்டத்தை நிறுத்துகிற வரைக்கும் முப்பது பிள்ளைகள் கூப்பிய கையோடு அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தினமும்.

ஜூன் இரண்டாவது வாரத்தில் பெற்றோர் வந்து சாப்பிட்டுப் பார்க்கும் நாள் ஒன்று இருந்தது. அன்றைக்குத் தராசோடு ஒரு முறை செய்து பார்ப்பது என்று முடிவானது. இகராஷி டீச்சர் இரண்டு தாள் கொடுத்தாள். சரிவந்தால் ஒன்றில் கையெழுத்து: பள்ளிச் சாப்பாடு. வராவிட்டால் மற்றதில்: ஆறாம் வகுப்பு முடிகிற வரை வீட்டு டப்பா. இரண்டாவது தாளில் கோஹெய் தன் பெயரையும் முகவரியையும் வீட்டிலேயே நிரப்பி வைத்துக்கொண்டான்.

அந்தக் காலை வகானா ஷூ போட்டுக்கொண்டே சொன்னாள். “தராசு வேணாம்பா. வேணவே வேணாம்.”

“அளக்காம எப்படிம்மா?”

அவள் வாயைத் திறந்தாள். பிறகு குனிந்து ஷூ பட்டையை ஒட்டினாள்.

வகுப்பறையில் பின்சுவரை ஒட்டிப் பெற்றோர் பத்துப் பேர் நின்றார்கள். மேஜைகளை ஆறாறாகச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். அண்டாக்கள் வந்தன. வெள்ளைத் தொப்பிகள் வரிசையாக நின்றன. சோறு, உப்பிட்டுச் சுட்ட அயிலை மீன், பூசணி, டோஃபு போட்ட மிஸோ சூப், பால். வகானா தட்டை ஏந்திக்கொண்டு மற்றவர்களோடு வரிசையில் நகர்ந்தாள். முதல் முறை. தட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். சோற்றுக் கரண்டியோடு நின்ற மாஷிரோ, அவளுடைய சிநேகிதி, முகத்தைப் பெரிய மனுஷி மாதிரி வைத்துக்கொண்டு பரிமாறினாள்.

கோஹெய் அவள் மேஜையில் தராசை வைத்தான். அட்டையைப் பின்னால் மடித்தான். ஐந்து காசு வைத்துப் பார்த்தான். ஐந்து. அதற்குள் எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். முப்பது பிள்ளைகள் கையைக் கூப்பிக்கொண்டு அவனைப் பார்த்தார்கள்.  சூப்பின் ஆவி மட்டும் அசைந்தது.

“வகானா அப்பா, ஆறிப்போகுது” என்றாள் மாஷிரோ. யாரோ ஒரு தாய் அவளை அடக்கினாள்.

சோற்றுக் கிண்ணத்தை எடுத்துத் தராசில் வைத்தான். நூற்று அறுபத்தொன்று. கைபேசியில் பெருக்கினான். சோற்றுக்கு மாவுச்சத்து அறுபது. பம்ப்பின் பொத்தானைத் தொட்டான்.

“இல்லப்பா” என்றாள் வகானா. மெதுவாகத்தான் சொன்னாள்.

“என்ன இல்ல?”

“நூத்தி இருபத்தெட்டு.”

தராசு நூற்று அறுபத்தொன்று என்கிறது என்றான். குரலில் கொஞ்சம் கோபம் ஏறியிருந்தது. முப்பது ஜோடிக் கண்கள்.

“கிண்ணம்பா” என்றாள் அவள். “கிண்ணத்தைக் கழிக்கலையே நீ.”

அவன் கை நின்றது. வீட்டில் காலி டப்பா முதலில் வரும். பூஜ்யம் அழுத்திவிட்டுத்தான் சோறு. எட்டு மாதத்தில் கை அப்படியே பழகிவிட்டது. இங்கே கிண்ணம் நிறைந்தே வந்தது. இகராஷி டீச்சர் அண்டா வண்டியிலிருந்து ஒரு காலிக் கிண்ணத்தை எடுத்து வந்து தராசில் வைத்தாள். முப்பத்துநாலு.

நூற்று இருபத்தேழு.

ஒரு கிராம். பாட்டில் மூடியில் கிடக்கும் ஐந்து காசில் ஒன்று. அவ்வளவுதான் அவள் பிசகியிருந்தாள். அவன் பிசகியது முப்பத்துநாலு. அந்த எண்ணைப் பம்ப்பில் போட்டிருந்தால் என்ன ஆகும் என்பதை மனம் தானாகவே கணக்குப் போட்டது. சோற்றில் மட்டும் பதின்மூன்று கிராம் மாவுச்சத்துக்கு உபரி மருந்து. பால், பூசணி எல்லாம் சேர்ந்தாலும் அது உபரிதான். மதியம் அவளுக்கு நீச்சல் வகுப்பு. அதற்கு மேல் அவன் யோசிக்கவில்லை.

“பூசணி?” என்று கேட்டான். 

வகானா பூசணித் துண்டுகளைப் பார்த்தாள். தொடக்கூட இல்லை. “அம்பத்திரண்டு. இல்ல, அம்பத்தி மூணு. இந்தத் துண்டு உள்ள கனமா இருக்கும்.”

காலிக் கிண்ணத்தை வைத்து, பூஜ்யம் அழுத்தி, பூசணியை அதில் மாற்றினான். ஐம்பத்துமூன்று.

யாரோ மூச்சை இழுப்பது கேட்டது. கூப்பியிருந்த கைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. மாஷிரோ எட்டித் தன் கிண்ணத்தைத் தள்ளினாள். “என்னோடது? என்னோடது சொல்லு.”

“நூத்தி நாப்பத்தொண்ணு. உனக்கு நீயே அதிகமாப் போட்டுக்கிட்ட.”

வகுப்பு சிரித்தது. தராசில் வைத்தார்கள், கிண்ணம் போக நூற்று நாற்பத்துமூன்று. சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது. பக்கத்துப் பையன் தன் கிண்ணத்தை நீட்டவில்லை. இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டான், அதற்குள் இருப்பதும் அவளுக்குத் தெரிந்துவிடும் என்பது போல.

கோஹெய் அளப்பதையே தொழிலாகக் கொண்டவன். ஆற்றின் குறுக்கே கண்ணால் பார்த்துத் தூரம் சொல்கிற பழைய ஆட்கள் அவன் கம்பெனியில் இருந்தார்கள். அவர்கள் சொல்வதை யாரும் தாளில் எழுதமாட்டார்கள். கருவியை வைத்த பிறகுதான் எழுதுவார்கள். இந்தப் பிள்ளை சொன்னதை எழுதலாம். தினமும் தன் கையால் தலைவாரிவிடுகிற பிள்ளை. எட்டு மாதமாகக் காலையும் இரவும் அவள் எதிரில் உட்கார்ந்து தராசைப் பார்த்திருக்கிறான். அவளைப் பார்க்கவில்லை. ஒரு மலை வீட்டுக்குள்ளேயே நின்றிருக்கிறது. அதைச் சுற்றிக்கொண்டு போய் அவன் குப்பை கொட்டிவிட்டு வந்திருக்கிறான்.

பம்ப்பில் எண்ணை அவளே போட்டாள். அவன் சரிபார்த்துத் தலையாட்டினான். எல்லாரும் சேர்ந்து ‘இதாதாகிமாஸ்’ சொன்னார்கள். வகானா முதலில் சூப்பைக் குடித்தாள், பிறகு மீனைப் பிரித்தாள். மற்றவர்களைப் போலவே வேகமாக, பேசிக்கொண்டே.

இகராஷி டீச்சர் அவனருகில் வந்து நின்றாள்.

“இருபத்தேழு வருஷமா பாக்குறேன். என் கண்ணுக்குப் பத்து கிராம் இப்படி அப்படி வரும். அதையே பெருசாச் சொல்லிப்பேன்.” பிறகு, “யார் பழக்கினது?” என்று கேட்டாள்.

தெரியாது என்றான். அது உண்மை.

அன்று நீச்சல் முடிந்து வந்தபோது அவள் சர்க்கரை நூற்றுப் பதினெட்டு. கோஹெய் வாசலிலேயே காத்திருந்தான். வழியில் நெல்வயல்களின் ஓரமாக நடக்கும்போது, பார்த்தே எடை சொல்ல யார் பழக்கினது என்று கேட்டான். அவள், இது என்ன கேள்வி என்பது போலப் பார்த்தாள்.

விளையாட்டுதான். அப்பா பஸ்ஸுக்குப் போனதும் தினமும் விளையாடுவார்கள். தராசில் எதையாவது வைத்து, அட்டையால் எண்ணை மூடிவிட வேண்டும். இரண்டு பேரும் சொல்ல வேண்டும். பிறகு திறக்க வேண்டும். யார் கிட்ட வருகிறார்களோ அவர்களுக்கு ஒரு கீற்று உலர்ந்த கடற்பாசி. முதலில் எல்லாம் அம்மாதான் ஜெயித்துக்கொண்டிருந்தாள். பிறகு வகானா ஜெயிக்க ஆரம்பித்தாள். கடைசியில் அம்மாவுக்குக் கடற்பாசியே கிடைப்பதில்லை.

“அம்மா விட்டுக்கொடுத்திருப்பா” என்றான்.

“இல்ல. கோவம் வந்துடும் அவளுக்கு. ‘இன்னொண்ணு, இன்னொண்ணு’ன்னு கேப்பா.”

“எதுக்கு இந்த விளையாட்டுன்னு சொன்னாளா?”

வகானா யோசித்தாள். ஒரு வரப்பைத் தாண்டும் அளவுக்கு யோசித்தாள். “பெரியவளானதும் நான் எங்க வேணாலும் போவேனாம். தராசைத் தூக்கிட்டா போவேன்னு கேட்டா.”

“எங்கிட்ட ஏன் சொல்லல நீ?”

“நீ அட்டையை எப்பவும் பின்னால மடிச்சிடுறியே. உனக்குப் பிடிக்கலன்னு நினைச்சேன்.”

நாலரை வயதிலிருந்து ஆறு வரை. ஒன்றரை வருடம். ஒரு நாளைக்கு நாலு பண்டம், ஐந்து பண்டம். நடந்துகொண்டே பெருக்கினான். இரண்டாயிரத்தைத் தாண்டியது. இரண்டாயிரம் முறை அந்த அட்டை மூடித் திறந்திருக்கிறது, அவன் ஆற்றங்கரையில் நின்றுகொண்டிருந்த நேரங்களில். ஒரு பிள்ளையின் கண்ணுக்குள் ஒரு தராசைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி வைத்துவிட்டு, கையை உதறிக்கொண்டு கடைக்குப் போனவள் அவள். வயலில் தண்ணீர் நிறைந்திருந்தது. தூரத்தில் சோக்காய் மலை அதில் தலைகீழாக நின்றது. அவன் அதைப் பார்த்தான். எட்டு மாதத்தில் முதல் முறையாக எதையோ பார்த்தது போலிருந்தது.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு முதல் தாளில் கையெழுத்துப் போட்டான். இரண்டாவதைக் கிழித்தான். வாரத்துக்கு ஒரு முறை இகராஷி டீச்சர் சமையலறைத் தராசில் சரிபார்க்க வேண்டும் என்று மட்டும் அடியில் எழுதினான். வகானா தன் வெள்ளை அங்கியைப் பையிலிருந்து எடுத்துப் போட்டுப் பார்த்தாள். தோளில் கொஞ்சம் பிடித்தது.

மறுநாள் ஐந்து இருபதுக்கு எழுந்தான். முகம் கழுவினான். மேடையைத் துடைத்தான். டப்பா கட்ட வேண்டியதில்லை. காலைச் சோறு மட்டும்தான். தராசை எடுத்து வைத்தான். காசு வைக்கவில்லை. கிண்ணம், பூஜ்யம், சோறு. அட்டையைத் திரைக்கு மேல் மடித்து மூடினான்.

வகானா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். தராசைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். தூக்கம் போய்விட்டது.

“நீ முதல்ல சொல்லு.”

கோஹெய் குனிந்து பார்த்தான். சோறு. வெள்ளையாக, ஆவியோடு. தினமும் தொட்ட பொருள்தான். ஒன்றுமே தெரியவில்லை. “நூத்தி எழுபது” என்றான்.

“ஐயோ அப்பா.” அவள் மேடையில் கையூன்றிச் சிரித்தாள். “நூத்தி முப்பத்தாறு.”

திறந்தாள். நூற்று முப்பத்தாறு. கடற்பாசி டப்பாவை அவளே போய் எடுத்து வந்தாள். ஒரு கீற்றை வாயில் போட்டுக்கொண்டு, இன்னொன்றை அம்மா படத்துக்கு முன்னால் சோற்றின் மேல் வைத்தாள். தோற்றவர்களுக்குக் கிடையாது என்று அவனிடம் சொன்னாள்.

அவன் அட்டையை மறுபடியும் மூடினான். மூடும்போது டேப் மெல்லிதாக ஒரு சத்தம் போட்டது. அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். அந்த அக்டோபர் காலை, வாசலில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து அது கேட்டது. வழக்கத்துக்கு முன்னாலேயே அன்று விளையாட ஆரம்பித்துவிட்டிருந்தார்கள். வகானா ஏதோ சொல்லிச் சிரித்தாள். பிள்ளை பிறந்ததிலிருந்து மிஹோ அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை; பிள்ளை கூப்பிடுவது போலத்தான் அவளும். அன்றும் அப்படித்தான் கூப்பிட்டாள். பஸ்ஸுக்கு ஏழு நிமிடம் இருந்தது. அவன் பதில் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனான். சாயேவிடம் சொல்லாதது இதைத்தான். சமையலறையிலிருந்து, சோறு வெந்த வாசனையோடு, சிரிப்பை அடக்கிய குரலில் அவள் கேட்டது:

“அப்பா, நீங்க சொல்லுங்க. இது எத்தனை கிராம் இருக்கும்?”